வயிற்றுக்குள் கேமரா: ஜப்பான் ஆழம் பார்த்த கதை

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஜப்பானில் அதிக உயிர்களைப் பறித்த புற்றுநோய், இரைப்பைப் புற்றுநோய்தான். வலி வந்து மருத்துவரிடம் போவதற்குள் பலருக்கும் காலம் கடந்திருக்கும்.

1950-ல் உஜி தட்சுரோ என்ற இளம் மருத்துவரும் ஒலிம்பஸ் கம்பெனியின் பொறியாளர்களும் சேர்ந்து, குழாயின் நுனியில் குட்டி கேமராவும் பல்பும் வைத்து நோயாளியை விழுங்க வைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், படம் எடுப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாது! அறையை இருட்டாக்கி, பல்பின் வெளிச்சம் வயிற்றின் மேல் எங்கே மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்து, குத்துமதிப்பாக 'கிளிக்' செய்ய வேண்டும். பிலிமைக் கழுவிய பிறகுதான் விஷயம் தெரியும்.

படங்கள் குவிந்ததும் அடுத்த சிக்கல். எதை 'ஆரம்பநிலை' என்பது? 1962-ல் ஜப்பானிய எண்டோஸ்கோப்பி சங்கம் வரையறுத்தது: இரைப்பைச் சுவரின் உட்படலத்தையும் அதற்கு அடுத்த அடுக்கையும் தாண்டாத புற்று ஆரம்பநிலை. தோற்றத்தை வைத்து மூன்று வகை... புடைத்தது, ஏறத்தாழ தட்டையானது, குழிந்தது. தட்டையானதிலும் லேசாக மேடானது, சமமானது, லேசாகப் பள்ளமானது என்று மூன்று உட்பிரிவுகள்.

வரையறையோ ஆழத்தை வைத்து. கேமரா காட்டுவதோ மேற்பரப்பை மட்டும்! அதனால் அறுத்தெடுத்த இரைப்பைகளை மெல்லிய துண்டுகளாக்கி, மைக்ராஸ்கோப்பில் தெரிந்த ஆழத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். பள்ளமான புற்றை நோக்கி வரும் மடிப்புகள் நுனியில் மெலிந்து முடிந்தால் பெரும்பாலும் மேலோட்டமானது. நுனி தடித்தோ, ஒன்றோடொன்று ஒட்டியோ இருந்தால் ஆழமாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் புற்றுக்குள் புண் வந்து ஆறினாலும் தழும்பு மடிப்புகளை இழுத்துவிடும். உட்படலத்தைத் தாண்டாத புற்றுகூட ஆழமானதுபோல் ஏமாற்றும். அனுபவசாலிகளும் தடுமாறியது பெரும்பாலும் இங்கேதான்.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. சின்னப் புற்றானாலும் இரைப்பையின் பெரும்பகுதியையும் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளையும் வெட்டியெடுப்பதே வெகுகாலம் வழக்கம். 2000-ல் டோக்கியோவின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் அப்படி அறுவை செய்துகொண்ட 5,265 பேரின் விவரங்கள் வெளியாயின. செல்கள் நன்கு முதிர்ந்த வகையாய், உட்படலத்துக்குள்ளேயே, 3 செ.மீ.க்குக் குறைவாக இருந்த 1,230 புற்றுகளில் ஒன்றுகூட நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கவில்லை. அத்தனை பேரும் இரைப்பையை இழந்தவர்கள்!

இன்று அத்தகைய புற்றை எண்டோஸ்கோப் வழியாகவே செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். இரைப்பை மிஞ்சுகிறது. எடுத்த துண்டும் மைக்ராஸ்கோப்புக்குப் போகிறது. இரண்டாம் அடுக்கில் புற்று 0.5 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால், அறுவை சிகிச்சைக்கே பரிந்துரைக்கிறார்கள்.