சிரட்டைக் கரியால் நீரைத் தூய்மைப்படுத்தல் (கொச்சி – மட்டாஞ்சேரி)

தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அதை 900 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நீராவி செலுத்தி முடுக்கினால் ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் முடுக்கிய கரி கிடைக்கிறது. நன்கு முடுக்கிய கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டும். நீரில் கரைந்த கரிமப் பொருள்களை இது எளிதாகப் பற்றிக்கொள்ளும். உலோக அயனிகளை அவ்வளவு எளிதாகப் பற்றாது.

கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலமான கொச்சியின் மட்டாஞ்சேரியில் நல்ல தண்ணீருக்கு என்றுமே பஞ்சம். யானைக்கால் நோய்க்கு ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வழங்கிய காலத்தில், ஊர்க் கிணற்று நீரே அதற்குக் காரணம் என்று மக்கள் நம்பினர். கொசுவின் பங்கு பின்னர்தான் தெரிந்தது. வசதி உள்ளவர்கள் ஆலுவாவிலிருந்து பெரியாற்று நீரை வள்ளங்களில் வரவழைத்துக் குடித்தார்கள். 1914இல் ஆலுவாவை அடுத்த சொவ்வரா நீரேற்று நிலையம் குழாய் வழியே நீர் தரத் தொடங்கியது. கொப்பரையும் தேங்காய் எண்ணெயும் விலைபேசப்பட்ட இதே சந்தை ஊருக்குச் சிரட்டை புதிதல்ல.

கரியின் நிறம் நீக்கும் தன்மையை 1785இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருந்தாளர் லோவிட்ஸ் கண்டறிந்தார். பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசல் கரித்தூள் பட்டதும் தெளிந்தது. அடுத்த நூற்றாண்டில் சர்க்கரை ஆலைகள் எலும்புக் கரியைக் கையாண்டன. 1900ஐ ஒட்டி ஆஸ்திரெய்கோ என்பவர் நீராவி முடுக்கலுக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரின் நச்சுவாயு முகமூடிகளுக்காக அமெரிக்கா சிரட்டையையும் பழக்கொட்டைகளையும் திரட்டியது. 1930 வாக்கில் மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டி, குடிநீரின் வாடை போக்கக் குருணைக் கரிப் படுகை அமைத்தது.

கரியின் துளைகள் மூவகை. 2 நானோமீட்டருக்குக் குறைந்தவை நுண்துளைகள். 2 முதல் 50 வரை இடைத்துளைகள். அதற்கு மேற்பட்டவை பெருந்துளைகள். சிரட்டைக் கரியில் நுண்துளைகளே மிகுதி. எனவே குளோரின், பூச்சிமருந்து எச்சம், குளோரோஃபார்ம் போன்ற சிறு மூலக்கூறுகளை அது சிறப்பாக நீக்கும். இலைமக்கும் சேறும் ஊறிய நீருக்குத் தேயிலைச் சாயம் தரும் ஹியூமிக் பொருள்களின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றுக்கு மரக்கரியும் நிலக்கரிவழிக் கரியுமே பொருத்தம். எந்த நீருக்கும் சிரட்டைக் கரியே சிறந்தது என்ற விற்பனைப் பேச்சை ஏற்க இயலாது. உப்பை எந்தக் கரியும் நீக்காது. கோடையில் கடல்நீர் பெரியாற்றில் ஏறுவதைத் தடுக்கப் பாதாளம் என்னும் இடத்தில் தடுப்பணை தேவைப்படுவது அதனால்தான்.

உலோகத்தைப் பிடிப்பது துளையைவிடக் கரிப்பரப்பின் ஆக்சிஜன் தொகுதிகளே. நீர் மிகுந்த அமிலத்தன்மையுடன் இருந்தால் அப்பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டு ஈயம், காட்மியம் அயனிகளைத் தள்ளிவிடும், பி.எச். 5–6 அளவில் பற்றுதல் கூடும். எதிர்மின் அயனியாக உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் இதற்கு மாறாக அமில நீரிலேயே நன்கு பற்றும். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் கதிர்வேலு, நாமசிவாயம் முதலியோர் தென்னைநார்க் கழிவிலிருந்து கரி செய்து, பாதரசம், ஈயம், காட்மியம், நிக்கல், தாமிரம் ஆகியவற்றை நீக்க முடியும் என 2000களின் தொடக்கத்தில் காட்டினர். ஏலூர்–எடையாறு ஆலைக் கழிவுகளால் கெட்ட பெரியாற்றின் கீழ்ப்பகுதிக்கு இவ்வகை ஆய்வே வேண்டியது. வெறும் கரிக்குடுவையை நம்பி அந்நீரைக் குடிக்கக் கூடாது.

இன்று எடையாற்றிலும் தமிழகத்தின் கொங்குப் பகுதியிலும் இலங்கையிலும் சிரட்டைக் கரி ஏற்றுமதிப் பொருள். கரி சுடும் குழிகளின் புகையையும், தணல் அணைத்த நீர் நிலத்தடியில் இறங்குவதையும் எதிர்த்துக் கொங்குப் பகுதி ஊர்மக்கள் போராடி வருகின்றனர். உலோகம் ஏறிய பழைய கரியைக் குப்பையில் கொட்டினால், மழைநீரில் உலோகம் மீண்டும் கசிந்து வெளியேறலாம்.