பழந்தெருவைத் திருத்தும் முறை: தஞ்சைக் கோட்டை தந்த பாடம்

நம் குலத்தார் பல தலைமுறையாகக் குடியிருந்து வரும் பழந்தெருக்களைத் திருத்தியமைக்கப் போவதாக நகராட்சியார் அறிவிப்புச் செய்யுந்தோறும், ஊரார் இரு கட்சியாய்ப் பிரிந்து நிற்பது வழக்கமாயிருக்கின்றது. ஒரு செங்கல்லையும் தொடலாகாது என்பர் ஒரு சாரார். சர்க்கார் செய்வதைத் தடுக்க நாம் யார், கொடுக்கும் தொகையைப் பெற்றுக்கொண்டு வேறிடம் போவோம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டுக்கும் புறம்பாக மூன்றாவது வழியொன்று உண்டென்பதை, நூறாண்டுகளுக்கு முன்னரே நம் தஞ்சை மாநகரில் ஓர் அறிஞர் கணக்கோடு எடுத்துக் காட்டியிருக்கின்றார். அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலமென்று கருதி இதனை எழுதலாயிற்று.

நோயும் நேர்ச்சாலையும்

1896-ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் பிளேக் என்னும் கொள்ளை நோய் தோன்றி எண்ணிறந்த உயிர்களை மாய்த்தது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான சந்துகளே நோய்க்கு இருப்பிடம் என்று அக்காலத்து அதிகாரிகள் கருதினர். 1898-ல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்படுத்தப்பட்டது. நெருக்கமான பேட்டைகளின் ஊடே வீடுகளை இடித்து அகன்ற நேர்ச்சாலைகள் இடப்பட்டன. சாலை அழகாகவே அமைந்தது. ஆனால் வீடிழந்த ஏழைகள் எங்குச் செல்வர்? தொழிலும் உறவும் அருகிலேயே இருந்தமையால், அடுத்த சந்துகளிலேயே ஓர் அறையில் இரண்டு குடும்பமாக ஒண்டினர். ஓரிடத்தில் நீங்கிய நெருக்கடி மற்றோரிடத்தில் முன்னிலும் மிகுதியாயிற்று. இவ்வாறிருந்தும், வரைபடத்தின்மேல் கோலை வைத்து நேர்க்கோடு இழுத்துச் சாலையிடும் அம்முறையே நகரத் திருத்தத்திற்கு ஏற்றதென்ற எண்ணம் தேசமெங்கும் இஞ்சினீயர்களிடையே பரவிற்று.

பேராசிரியர் வருகை

இக்காலத்தில் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த பெண்ட்லண்டு பிரபு, ஸ்காட்லாந்து தேசத்தவரான பாட்ரிக் கெடிஸ் என்னும் பேராசிரியரை இங்கு வரவழைத்தார். 1854-ல் பிறந்த கெடிஸ் உயிர்நூல் பயின்றவர், இஞ்சினீயர் அல்லர். எடின்பரோ நகரின் பழம்பகுதி செல்வர்களால் கைவிடப்பட்டு அழுக்கும் வறுமையும் நிறைந்து கிடந்த காலத்தில், புதிதாக மணம் புரிந்திருந்த அவர் தம் மனைவியாரோடு அங்கேயே குடியேறினார். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு வெள்ளையடித்தும், குப்பையகற்றியும், முற்றங்களிற் செடி வைத்தும், பழுதானவற்றை மட்டும் நீக்கியும் அத்தெருக்களுக்கு மறுவாழ்வு அளித்தார். பிறர்க்கு உரைத்த மருந்தை முதலில் தாமே உண்டவர் என்க.

நகர அமைப்பைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய கண்காட்சியொன்றை அவர் சேகரித்து வைத்திருந்தார். 1914-ல் அதனை ஏற்றி வந்த கிளான் கிராண்ட் என்னும் கப்பலை, அவ்வாண்டு செப்டம்பரிற் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் அக்டோபரில் கடலில் அமிழ்த்திவிட்டது. கெடிஸ் தளர்ந்தாரல்லர். சீமையிலிருந்த நண்பர்கள் விரைந்து திரட்டியனுப்பிய வேறு படங்களைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் செனெட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்தினார். பின்னர் ராஜதானியின் ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் அறிக்கை எழுதினார். மதுரை, தஞ்சை, காஞ்சி, கோயமுத்தூர் என்பன அவற்றுட் சில.

தஞ்சைக் கோட்டையில் எழுந்த விவாதம்

தஞ்சைக் கோட்டைக்குள் ஜனநெருக்கம் மிகுந்த ஒரு பகுதியைத் திருத்துவதற்கு நகரசபையார் முன்னமே திட்டமொன்று வைத்திருந்தனர். பழைய சந்துகளை ஊடறுத்து, வீடுகளை வரிசையாக இடித்து, குறுக்கும் நெடுக்குமாக நேர்ச்சாலைகள் இடுவது அதன் சாரம். அதற்கு மதிப்பிட்ட செலவு 30,000 ரூபாய். கெடிஸ் அவ்விடத்தைத் தாமே நடந்து பார்த்தார். எவ்வீடு உறுதியாயுள்ளது, எது பாழ்மனை, எங்கே வெற்றிடம் கிடக்கின்றது, ஜனங்கள் எவ்வழியே நடமாடுகின்றனர் என்பனவற்றைக் குறித்துக்கொண்டார். பாழான சில வீடுகளை மட்டும் நீக்கி, வெற்றிடங்களை ஒன்றோடொன்று இணைத்து, அடைபட்ட சந்துகளைத் திறந்து, ஆங்காங்கே மரநிழலோடு கூடிய சிறு திறப்பிடங்களை அமைத்தால் போதும் என்று வேறொரு திட்டம் வகுத்தார். அதற்கு அவர் கணக்கிட்ட செலவு 5,000 ரூபாய். அஃதாவது ஆறில் ஒரு பங்கு. பெரும்பாலான குடிகள் தத்தம் வீட்டிலேயே இருப்பர் என்பது அதனினும் பெரிய லாபம்.

இம்முறையைக் காத்துச் செய்யும் ரண சிகிச்சை என்னும் கருத்துப்பட அவர் பெயரிட்டார். நல்ல வைத்தியன் விரலில் புண்ணென்றால் கையை வெட்டுவதில்லை. புண் எவ்வளவோ அவ்வளவே கத்தியை வைக்கின்றான். அதற்கு முதலில் நாடி பார்த்து நோயறிதல் வேண்டும். ஊருக்கு நோயறிதலாவது வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தல். அலுவலகத்தில் அமர்ந்து கோல் கொண்டு இவ்வேலையைச் செய்தல் இயலாதென்றும், நாற்றத்தையும் களைப்பையும் பொறுத்துக்கொண்டு அவ்விடத்திலேயே நெடுநேரம் அலைந்து வரைதல் வேண்டுமென்றும் அவர் தம் அறிக்கைகளில் வற்புறுத்தினார். பழந்தெருக்கள் ஜனங்களின் நெடுநாள் நடையாலும் அநுபவத்தாலும் உண்டானவை. ஆதலின் அவற்றை அழிப்பதைவிடத் திருத்துவதே பொருந்தும் என்பது அவர் கொள்கை. கொசு பெருகுமென்று அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முற்பட்ட அதிகாரிகளிடத்தும், மீனும் வாத்தும் வளர்த்துக் குளத்தைக் காக்கலாமென்றே அவர் வாதித்தார்.

அதிகாரிகள் பக்கத்து நியாயத்தையும் நாம் மறைத்தலாகாது. சூரியவெளிச்சம் காணாத அறையிற் குழந்தைகள் நோயுறுதல் மெய்யே. தீப்பற்றினால் தண்ணீர் வண்டி நுழைய வழியில்லை என்பதும் மெய்யே. தெருவை நெருக்கியது பெரும்பாலும் தெருவாரே அன்றோ? திண்ணையை ஒரு முழம் நீட்டினவர் ஒருவர். அதன்மேற் கூரை போட்டவர் அவர் மகனார். கொல்லைச் சந்தில் குப்பை கொட்டினவர் எதிர்வீட்டார். கெடிஸ் பழமையை மட்டும் புகழ்ந்தவர் அல்லர். கெட்டதை வெட்டத்தான் வேண்டுமென்றார். எது கெட்டதென்று அறிந்த பிறகே வெட்டுக என்றார்.

இந்தூர்த் தீபாவளி

தெருவாரின் பங்கைப் பற்றி அவர் கருதியதற்கு இந்தூரில் நிகழ்ந்ததே சான்று. 1917-18 ஆண்டுகளில் அந்நகரைத் திருத்த யோசனை கூறச் சென்றபோது, அங்குப் பிளேக் பரவிக்கொண்டிருந்தது. அளவெடுக்க வந்தவரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தார்களோ என்று ஜனங்கள் அஞ்சினர். அவர் மகாராஜாவின் இசைவு பெற்று, தீபாவளித் திருநாளன்று பெரியதோர் ஊர்வலத்திற்கு ஏற்பாடு செய்தார். எப்பேட்டையார் தம் வீதியை மிகுதியாகச் சுத்தஞ்செய்து பழுது பார்க்கின்றனரோ அவ்வீதி வழியே ஊர்வலம் வருமென்று பறைசாற்றினர். உடனே பேட்டைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, வெள்ளையடித்துக் குப்பையை வண்டி வண்டியாக அகற்றின. ஆணையால் ஆகாதது விழாவால் ஆயிற்று. திருத்துபவர் வேறு, திருத்தப்படுபவர் வேறு என்ற பிரிவு அன்று மறைந்தது.

யோசனைகளின் கதி

இவ்வளவு நல்ல யோசனைகளுள் பெரும்பாலானவை செயலுக்கு வரவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கின்றது. இஞ்சினீயர்களிற் பலர் அவரை விரும்பவில்லை. அறிக்கையை ஏற்பதும் தள்ளுவதும் நகரசபைகளின் இஷ்டமாயிருந்தது. கெடிஸ் 1919-ல் பம்பாய்ச் சர்வகலாசாலைக்குப் பேராசிரியராகச் சென்று, 1924-ல் இந்நாட்டை விட்டகன்று, 1932-ல் பிரான்சு தேசத்தில் காலமானார். யோசனை கூறுவார் ஊருக்கு ஊர் செல்பவர். தெருவில் என்றும் இருப்பவர் தெருவாரே. அவர்கள் அவ்வறிக்கையைக் கையிற்பிடித்துக்கொண்டு கேளாதபோது வேறு யார் கேட்பர்? எனினும் அவர் இட்ட வித்து முழுதும் பாழாகவில்லை. 1920-ல் சென்னை நகர அமைப்புச் சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. திட்டத்தின் வரைவை வெளியிட்டுப் பொதுஜனங்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் பெறவேண்டுமென்பது அதன் விதி. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், நிலம் எடுப்பதனால் ஜனங்களின் வாழ்வுக்கு நேரும் விளைவை மதிப்பிட்டுப் பொது விசாரணையும் நடத்துமாறு கூறுகின்றது. ஆயினும் அதனினின்று விலக்குப் பெற்ற சட்டங்கள் சில நம் மாநிலத்தில் உண்மையின், வந்த அறிவிப்பு எச்சட்டத்தின்கீழ் வந்ததென்பதை முதற்கண் பார்த்தல் அவசியம்.

நம் கடமை

நம்மவர் நெசவுக் குலத்தார். நமக்கு வீடும் தொழிற்சாலையும் ஒன்றே. குழித்தறி தரையில்தான் அமையும். மாடியிற் குழி தோண்ட முடியாது. பாவு நீட்டிக் கஞ்சியிடுவதற்கு நீண்ட தெருவும் காலை வெயிலும் வேண்டும். அடுக்குமாடி வீடு எவ்வளவு அழகாயிருப்பினும், தறி வைக்க இயலாத வீடு நெசவாளிக்குச் சத்திரமேயாம். இச்செய்தி நகர அதிகாரிக்குத் தானே தெரிந்திருக்க நியாயமில்லை. நாம் சொன்னாலன்றோ அவர் அறிவார்? கூட்டத்திற்குச் சென்று வெறும் கூக்குரலிட்டால் அது குறிப்பேட்டில் ஏறாது. கணக்கோடு சென்றால் ஏறும்.

ஆதலின் அறிவிப்பு வருமுன்னரே ஒவ்வொரு தெருவாரும் செய்யத்தக்கன சில உண்டு. வீடுகள் எத்தனை, தறிகள் எத்தனை, வாடகைக் குடிகள் எத்தனை என்று தாளில் எழுதுக. எவ்வீடு உறுதி, எது பாழ், கிணறு எங்கே, பாவோடும் இடம் எது என்பதனைப் படமாக வரைக. பள்ளியிற் பயிலும் பிள்ளைகளே இதனைச் செய்து தரவல்லர். பட்டாவும் வரி ரசீதும் ஒழுங்காயிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்க. நீட்டிய திண்ணையை நாமே உள்வாங்கிக்கொள்வோம். அது நம் சொல்லுக்கு மதிப்பைத் தரும். குத்தகைக்கும் வாடகைக்கும் இருக்கும் ஏழைகளை மறந்து, மனைக்காரர் மட்டும் பேசி முடித்துக்கொள்ளுதல் ஒருபோதும் கூடாது. தொகை வாங்கும் உரிமை அவர்க்கில்லாமற் போகலாம், தெருவில் வாழ்ந்த உரிமை அவர்க்கும் உண்டு. பெண்மக்களையும் கூட்டத்திற்கு அழைத்துச் செல்க. தண்ணீர் எங்கே வருகின்றது, சாக்கடை எங்கே தேங்குகின்றது என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இலர்.

30,000 ரூபாய்த் திட்டத்தை எதிர்த்துக் கெடிஸ் வசைபாடினாரில்லை. 5,000 ரூபாய்த் திட்டத்தை எதிரே வைத்தார். நம் தெருவுக்கு நாமே அத்தகைய திட்டமொன்றை வரைந்து கையில் வைத்திருப்போமாயின், அதிகாரிகளோடு நிகழும் பேச்சு இரப்பாகவும் இராது, சண்டையாகவும் இராது. ஒவ்வோர் ஊர்க் கிளையும் வருகின்ற தை மாதத்திற்குள் ஒரு தெருவின் கணக்கையாவது எடுத்து முடிக்குமாறு நம் அன்பர்களை வேண்டிக்கொள்கின்றோம்.