தண்டவாளம் போட்டவர்களும் கொடி காட்டினவர்களும்: கோலாலம்பூரில் கடைசி மூன்று நாள்

பட்டர்வேர்த்தில் நாங்கள் ஏறின ரெயில் ஈப்போவில் நின்றபோது ஐந்து பேரும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டோம். தந்தை செல்வா 1898இல் பிறந்த ஊர் அது. சின்ன வயதிலேயே தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார் என்பது வரை எங்களுக்குப் பாடம். பெயர்ப்பலகையைப் படமெடுத்து அந்த நிமிடமே வீட்டுக்காரருக்கு அனுப்பினோம். அதற்கு முன்னாலே தைப்பிங் என்ற இன்னொரு ஸ்டேசனைக் கடந்து வந்திருந்தோம். அப்போது நாலு பேர் நித்திரை. முழித்திருந்த ஒருத்தியும் போனில் சார்ஜ் இல்லை என்ற கவலையில் இருந்தாள். தைப்பிங்கில் தலையைத் திருப்பிப் பார்க்காமல் வந்ததற்காக இரண்டு நாள் கழித்து நாங்களே எங்களைத் திட்டிக்கொண்டோம். அந்தக் கதைதான் இது.

கையில் மிச்சமிருந்தது மூன்று நாள், காசு அதைவிடக் குறைவு. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மலிவான அறையொன்று எடுத்தோம். 1881இல் இந்த நகரத்தை நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரமுமாக இருந்த ஊரை இனிச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டவேண்டும் என்று அடுத்த ஆண்டு வந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் ஸ்வெட்டென்ஹாம் பிடிவாதமாக நின்றார். அதற்குக் கல் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரெயில்வே வந்தது, அதன் பின்னால் எங்கட ஆக்களும் வந்தார்கள். இன்றைக்கு கே.எல். சென்ட்ரல் என்ற பெரிய நிலையம் நிற்பது பழைய ரெயில்வே காணியில்தான். அறைக்குக் கீழே கடை வைத்திருந்த அக்கா ஒவ்வொரு காலையும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். முதல்நாள் விளங்காமல் முழித்தோம். இப்ப எங்கட வட்சப் குழுவிலேயே அந்தச் சொல் ஓடுது.

எங்களில் ஒருவனின் பூட்டனார் இந்த ஊரில் செந்தூல் ரெயில்வே வேர்க்ஷொப்பில் கிளாக்கராக இருந்தவர். கோட்டும் தலைப்பாகையுமாக அவருடைய படம் இன்றைக்கும் யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. அப்படியொரு படமோ, மலாயாப் பென்சனில் கட்டின கல்வீடோ இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் குறைவு. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும் என்ற பழமொழிக்குக் கடல் கடந்தும் ஆட்சி இருந்திருக்கிறது. மலாயன் கபேயில் தோசை சாப்பிட்ட எத்தனை பேர் அந்தப் பெயரைப் பற்றி யோசித்திருப்போம்?

இதற்குக் காரணம் தேடினால் அமெரிக்க மிஷன்காரரிடம் போய் நிற்கவேணும். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. ஆங்கிலம் படித்த பெடியள் ஆண்டுக்காண்டு வெளியே வந்தார்கள், ஆனால் அத்தனை பேருக்கும் தீவுக்குள் உத்தியோகம் இல்லை. அந்த நேரம் மலாயாவில் ஈயச் சுரங்கமும் ரெயிலும் பெருகி, கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் என்ற பொறியியலாளர் இலங்கையில் வேலை செய்துவிட்டு சிலாங்கூருக்குப் போனவர். 1901இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரெயில்வேக்கே பொது முகாமையாளரானார். தனக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்து ஆக்களை அவர் கூப்பிட்டு வேலைக்கு வைத்தார். ஒருவர் போனால் தம்பி போவார், பிறகு மச்சான் போவார். ஸ்டேசன் மாஸ்டர், கிளாக்கர், கணக்காளர் என்று ரெயில்வே நிறைந்தது.

இரண்டாம் நாள் ஸ்கொட் வீதிக் கந்தசுவாமி கோயிலுக்குப் போனோம். இலங்கைச் சைவர்கள் 1902இல் தொடங்கின கோயில். உள்ளே போனதும் நல்லூர் நினைவு வராமல் இராது. வீதியில் கதைகொடுத்த ஐயா ஒருவர் மூன்றாம் தலைமுறை. யாழ்ப்பாணம் பார்த்தது ஒரே ஒருதரம். ஆனாலும் "எந்த ஊர், பிள்ளையள்? யாற்ற பகுதி?" என்ற அந்தக் கேள்வியை மட்டும் நூற்றிச்சொச்சம் வருசமாகப் பழுதாகாமல் வைத்திருக்கிறார்! ஹற்றனில் இருந்து வந்த எங்கட தோழி "நான் தோட்டம் ஐயா" என்றாள். அவர் "ஓ, இந்தியாப் பக்கமோ" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். கெட்ட மனுசன் இல்லை. எங்கள் எல்லாருக்கும் மோதகம் வாங்கித் தந்தவர். ஆனால் அந்தத் திரும்பலை நாங்கள் ஐந்து பேரும் கண்டோம்.

கோயிலுக்குக் கொஞ்சத் தூரத்தில் சிங்களவர் கட்டின பௌத்த மகா விகாரை இருக்கிறது. அதை நடத்தும் சங்கம் 1894இல் உருவானது. இங்கே அடிபட்ட இரண்டு சனமும் அங்கே ஒரே பேட்டையில் குடியிருந்து ஒரே ரெயில்வேயில் சம்பளம் எடுத்திருக்கிறார்கள். அது தனியாக எழுதவேண்டிய விசயம்.

பின்னேரம் பழைய கோலாலம்பூர் ஸ்டேசனுக்கு நடந்தோம். ஆர்தர் பெனிசன் ஹபக் வரைந்து 1910இல் முடிந்த கட்டடம். வெள்ளை நிறம், குமிழ்க் கூரை, குதிரை லாட வளைவுகள். பள்ளிவாசலோ அரண்மனையோ என்று ஐமிச்சம் வரும். பெரிய ரெயில்கள் கே.எல். சென்ட்ரலுக்குப் போய்விட்டதால் மேடை அமைதியாக இருந்தது. பூட்டனார்காரன் உணர்ச்சிவசப்பட்டு, "எங்கட ஆக்கள் இல்லாட்டி இந்த ரெயில்வே ஓடியிருக்காது" என்றான். ஹற்றன் தோழி மேடை விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஆர் போட்டது?" என்று தண்டவாளத்தைக் காட்டிக் கேட்டாள்.

யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மேடை வாங்கில் இருந்தே போனில் கிடைத்ததை எல்லாம் வாசித்தோம். ஊருக்கு வந்து நூலகத்திலும் சரிபார்த்தோம். மலாயாவின் முதல் ரெயில்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீற்றர். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகத்தான் அது. அதைப் போட ஆள் வந்தது இலங்கையிலிருந்து! சிலோன் பயனியர் கோர் என்ற அரச வேலைப்படையின் இரண்டு பிரிவுகளைக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். இங்கே வீதி வெட்டவும் பாலம் கட்டவும் வைத்திருந்த அந்தப் படையில் பெரும்பாலானோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். ஸ்பூனர் கிளாக்கர்மாரைக் கூப்பிடுவதற்குப் பல வருசத்துக்கு முதலே மலாயா ரெயில்வேக்கு இலங்கையிலிருந்து போனவர்கள், மண்வெட்டியோடு போனவர்கள். ஐயா "இந்தியாப் பக்கமோ" என்று கேட்டாரே, அந்தப் பக்கம்தான் முதலில் போனது.

அவர்களுக்கு விறாந்தையில் படம் இல்லை. பென்சனும் இருந்திருக்காது.

இதற்குப் பிறகு எங்கள் கண்ணில் பட்டதெல்லாம் இரண்டு வரிசையாகவே தெரிந்தது. கங்காணி என்ற சொல் மலாயாவிலும் அதேதான். எங்கட மலையகத்தில் கணக்கப்பிள்ளை என்பவரை அங்கே கிராணி என்பார்கள். கிராணிமாரில் யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளும் கனபேர். கூலி ஒப்பந்தமுறை 1910இல் முடிந்தாலும் கங்காணி ஆள்சேர்ப்பு, இந்திய அரசு 1938இல் தடுக்கும்வரை நடந்தது. காலனிக் குடிசன மதிப்பில் இலங்கைத் தமிழர் வேறு கணக்கு, இந்தியத் தமிழர் வேறு கணக்கு. அந்தப் பிரிப்பை வெள்ளைக்காரன் மட்டும் செய்தான் என்று சொல்லித் தப்பேலாது. "நாங்கள் கூலியாக வந்தவர்கள் இல்லை" என்று சொல்லிக்கொள்வதில் எங்கட ஆக்களுக்கே ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை இங்கேயும் உண்டு, எங்கட கன்டீன் மேசையிலும் உண்டு.

அன்றிரவு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சண்டை. பூட்டனார்காரனுக்குக் கோபம். "கிளாக்கராப் போனது குற்றமா? யப்பான்காரன் வந்தநேரம் அவையளும்தான் கஷ்டப்பட்டவை" என்றான். அதில் உண்மை இருக்கிறது. செந்தூல் வேர்க்ஷொப் 1945இல் நேச நாட்டு விமானக் குண்டில் சிதறிய இடம். ஆனால் சயாம்–பர்மா ரெயில்பாதைக் கணக்கை என்ன செய்வது? 1942–43இல் 415 கிலோமீற்றர் நீளத்துக்குக் காட்டுக்குள்ளால் போட்ட பாதை. மேற்குநாட்டுக் கைதிகள் 12,000க்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர் 90,000 பேரளவில் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஆயிரமாயிரம் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர். பெரும்பாலானோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. முதல் பாதை போட்டவர்களின் சாதிசனம் கடைசிப் பாதையிலும் அதே மண்வெட்டியோடுதான் நின்றிருக்கிறது. தோழி இதைச் சத்தம்போட்டுச் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவன் அதற்குப் பிறகு பேசவில்லை. பில்லை மட்டும் கட்டினான்.

பிரிக்பீல்ட்ஸின் பெருந்தெருவுக்கு துன் சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில், அவர்களிடமே சிறுதொகையாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கவென 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். மலேசியாவில் எல்லாம் நல்லபடி நடந்தது என்று நாங்கள் சொல்லவரவில்லை. குடியுரிமைச் சிக்கலும் வேலை அனுமதிச் சிக்கலும் அங்கேயும் இருந்தன. ஆனால் இங்கே 1948இல் ஒரு சட்டம் மலையகத்தவரை நாடில்லாதவர் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் இருந்து ஆட்களைப் பங்குபிரித்தார்கள். யாழ்ப்பாணத்து அரசியல் அதில் இரண்டுபட்டது. குடியுரிமையைப் பறித்த அரசோடு சேர்வதா என்ற கேள்வியில்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஈப்போவில் பிறந்தவருக்கு அந்த விசயம் கொஞ்சம் கிட்டவாகத் தெரிந்திருக்குமோ? இது எங்கட ஊகம் மட்டும்தான்.

மூன்றாம் நாள் பத்துமலை, 272 படி, வெயில், குரங்கு, படம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

விமான நிலையத்தில் காத்திருந்தபோது பூட்டனார்காரன் போனை நீட்டினான். போர்ட் வெல்டுக்கு இப்போது குவாலா செப்பெத்தாங் என்று பெயர். ரெயில் நின்று கனகாலம், பாதையையும் பிடுங்கிவிட்டார்கள். ஸ்டேசனின் பழைய பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆங்கிலம், ஜாவி, சீனம், அதோடு தமிழ். தோழி போனை வாங்கி, படத்தைப் பெருப்பித்து, தமிழ் எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு தைப்பிங்கில் இறங்கி அங்கே போக பஸ் இருக்கா என்று தேடத் தொடங்கினாள்.