பின்வாசல் வழியே பன்னிரண்டு பாடங்கள்

எலா ஷெப்பர்டுக்குப் பாட்டும் பியானோவும் கற்றுத்தர ஒரு வெள்ளைக்கார ஆசிரியை ஒப்புக்கொண்டார், ஆனால் நிபந்தனைகளோடு. பாடம் நடப்பது யாருக்கும் தெரியக்கூடாது. இருட்டிய பிறகுதான் வரவேண்டும். பின்வாசல் வழியாக நுழைந்து மாடியில் பின்னறைக்குப் போய்விட வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்ட 1860களின் பிற்பகுதி அது. ஊர் ஓஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி, அடிமை முறையை முன்பே விலக்கியிருந்த மாநிலம். பன்னிரண்டு பாடங்களோடு அந்த வகுப்பு நின்றுபோனது.

சில ஆண்டுகளில் இதே பெண் ஒரு குழுவின் பியானோ கலைஞராகவும் பயிற்றுநராகவும் விக்டோரியா மகாராணியின் முன்னால் நின்றார். ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்ற அந்தக் குழுவின் கதை பல நூல்களில் இருக்கிறது. பெரும்பாலும் அது ஜார்ஜ் வைட் என்ற வெள்ளை ஆசிரியரின் தொலைநோக்குப் பற்றிய கதையாகவே சொல்லப்படுகிறது. வைட்டின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் யார் யாருக்குக் கற்பித்தார்கள், யாருடைய படிப்பு யாருக்காகச் செலவானது என்ற கேள்விகள் அடிபட்டுப் போகின்றன.

எலா 1851இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் அடிமையாகப் பிறந்தார். தாய் சாரா ஒரு பண்ணை வீட்டில் வேலை செய்தவர். தாயையே வேவு பார்த்துச் சொல்லும்படி எஜமானி அந்தச் சின்னஞ்சிறு குழந்தையைப் பழக்கியிருக்கிறார். தன் பிள்ளையே தனக்கு எதிராகத் திருப்பப்படுவதை உணர்ந்த சாரா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் விழப் போனார். வழியில் ஒரு முதிய பெண் தடுத்தாராம். இந்தக் குழந்தை ஒருநாள் ராஜா ராணிகள் முன்னால் நிற்கும் என்றும் சொன்னாராம். ஜூபிலி பாடகர்களைப் பற்றி எழுதுபவர்கள் இந்த முன்னறிவிப்பை விடுவதே இல்லை. எனக்கு மனதில் தங்குவது முன்னறிவிப்பு அல்ல, ஆற்றை நோக்கி நடந்த அந்தக் கால்கள். 1856இல் கென்டக்கியிலிருந்து தப்பிச் சின்சினாட்டிக்கு வந்து பிடிபட்ட மார்கரெட் கார்னர், அடிமைத்தனத்துக்குத் திரும்ப விடாமல் தன் மகளைக் கொன்றார். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலுக்கு வித்து அந்தச் செய்திதான். சாரா தனித்த ஒருத்தி இல்லை.

தந்தை சைமன் கூலிக்கு உழைத்துத் தன் விடுதலையை விலைக்கு வாங்கியவர். பிறகு 350 டாலர் கொடுத்து மகளை வாங்கினார். மனைவியையும் வாங்கப் பார்த்தார், எஜமானி பேச்சு மாறினார். சாரா மிஸிஸிப்பிக்குக் கொண்டு செல்லப்பட்டார். கடன்காரர்களுக்கு அஞ்சித் தந்தையும் மகளும் ஓடிவந்த ஊர்தான் சின்சினாட்டி. கடனுக்கு ஈடாகக் குழந்தையையே எடுத்துக்கொள்ள முடியும் என்ற சட்டம் இருந்த காலம். 1866இல் தந்தை காலராவில் இறந்தார். எலா வீட்டு வேலை செய்தார், தைத்தார், பாடச் சொன்ன இடத்தில் பாடினார். பிறகு கேலட்டின் என்ற ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஐந்து மாதத்தில் ஆறு டாலர் மிச்சம் பிடித்தார். அந்த ஆறு டாலரோடு 1868இல் ஃபிஸ்க் பள்ளிக்குப் போனார். மூன்று வாரத்துக்குத்தான் அது தாங்கும் என்றார்கள். மீதியை உழைத்துக் கட்டினார்.

ஃபிஸ்க் 1866 ஜனவரியில் நாஷ்வில்லில் தொடங்கியது. வடக்குப் படையின் பழைய ராணுவ மருத்துவமனைக் கொட்டகைகள்தான் வகுப்பறைகள். அடிமைச் சந்தைக் கிடங்கில் கிடந்த துருப்பிடித்த கைவிலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, வந்த காசில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகங்கள் வாங்கினார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளும் எழுபது வயதுக் கிழவர்களும் ஒரே அரிச்சுவடியோடு உட்கார்ந்தார்கள். ஐந்தே ஆண்டில் கொட்டகைகள் அழுகத் தொடங்கின, பள்ளியை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. பள்ளியின் பொருளாளரான வைட் இசையும் கற்பித்துவந்தார். மாணவர்களைக் கூட்டிப்போய் வடக்கில் பாடவைத்துப் பணம் திரட்டலாம் என்றார். பள்ளியை நடத்திய அமெரிக்க மிஷனரிச் சங்கத்துக்கு அதில் விருப்பமில்லை. 1871 அக்டோபர் 6ஆம் தேதி குழு கிளம்பிவிட்டது.

ஒன்பது பாடகர்கள். அவர்களில் ஐந்து பேர் பெண்கள்: எலா ஷெப்பர்ட், மேகி போர்ட்டர், ஜென்னி ஜாக்சன், எலைசா வாக்கர், மின்னி டேட். மின்னிக்குப் பதினான்கு வயது. மேகி போர்ட்டர் ஏற்கெனவே ஆசிரியை. அவர் பாடம் நடத்திய கிராமத்துப் பள்ளிக்கூடத்தைக் கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் கொளுத்தியிருந்தது. ‘ஏழை மாணவர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் இவர்களை அடக்கிவிடுகிறோம். எரிந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்த பிறகும் கற்பிக்கவும் கற்கவும் திரும்பி வந்தவர்கள் இவர்கள்.

என்ன பாடினார்கள்? வைட் பயிற்றுவித்தவை ஐரோப்பிய இசை வடிவங்கள், அன்றைய நாகரிகப் பாடல்கள், எஸ்தர் ராணியின் கதையைச் சொல்லும் இசை நாடகம். அடிமைகளின் பாடல்கள் அந்தப் பட்டியலில் முதலில் இல்லை. பின்னாளில் 1911இல் எழுதிய நினைவுக் கட்டுரையில் ஷெப்பர்ட் இதற்குக் காரணம் சொல்கிறார். அந்தப் பாடல்கள் பெற்றோருக்குப் புனிதமானவை, அதே சமயம் அடிமை வாழ்வின் இருளோடு ஒட்டியவை. அவற்றை வெளியாருக்குப் பாடிக்காட்டும் எண்ணமே இல்லை. வைட் அவற்றைக் கேட்க ஆசைப்பட்டபோது, அவர் வீட்டில் தரையில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், ஒருவர் தாய்வழி கேட்ட பாட்டை இன்னொருவர் கற்றுக்கொண்டார்கள்.

என் பார்வையில் ஃபிஸ்க்கின் உண்மையான இசைப்பள்ளி அந்தத் தரைதான். பாடப்புத்தகம் கிடையாது. ஒவ்வொரு பண்ணையிலும் ஒவ்வொரு விதமாகப் பாடப்பட்டதை ஒன்பது பேர் ஒப்பிட்டு, திருத்தி, குரல்களைப் பிரித்துக்கொண்டு ஒரு வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆசிரியர் வைட் அங்கே கேட்பவர். அவர் கற்பித்தது வேறொன்று: முணுமுணுப்பளவு மென்மையான ஒலியைக் கூடத்தின் கடைசி வரிசை வரை கொண்டுசெல்லும் கட்டுப்பாடு. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் குழுவின் தனித்த நாதம்.

தொடக்கத்தில் வசூல் மோசம். சின்சினாட்டிக் கச்சேரி நடந்த நேரத்தில் சிகாகோ பெருந்தீயில் எரிந்துகொண்டிருந்தது. கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையை அந்த நகருக்கே கொடுத்துவிட்டார்கள். குளிருக்குப் போதிய உடுப்பு இல்லை. பல விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டது. நியூவார்க்கில் ஒரு விடுதிக்காரர் இவர்களை முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலிசெய்யும் வெள்ளைக் கூத்தாடிகள் என்று எண்ணி இடம் கொடுத்தார். இவர்கள் நிஜக் கறுப்பர்கள் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பினார். அமெரிக்க நாகரிகத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. மனம் தளர்ந்த குழுவுக்குக் கொலம்பஸ் நகரில் வைட் பெயர் சூட்டினார். அடிமைகள் விடுவிக்கப்படும் ஐம்பதாம் ஆண்டு, தமிழ் வேதாகமத்தில் ‘யூபிலி வருஷம்’ என்று வருகிறதே, அந்த ஜூபிலி. நவம்பரில் ஓபர்லின் நகரில் நடந்த சபை மாநாட்டில் அவர்கள் அடிமைப் பாடலை எடுத்தபோது கூடம் அடங்கியது. அதன்பிறகு மக்கள் கேட்டது அந்தப் பாடல்களைத்தான். 1872 வசந்தத்துக்குள் 20,000 டாலர் திரண்டது.

1873இல் இங்கிலாந்து. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு வரவேற்றார், மகாராணி கேட்டார், பிரதமர் கிளாட்ஸ்டன் விருந்தளித்தார். அரண்மனைப் பெயர்களைவிட எளிய ஒன்றுதான் பாடகர்களுக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்: விடுதிகளில் முன்வாசல் வழியாக நுழைந்து, முன்னறையில் உட்கார முடிந்தது. நிறத்தை வியந்து எழுதிய பத்திரிகைகள் அங்கும் உண்டு, ஆராதனைக்குள்ளும் வேடிக்கை பார்ப்பது உண்டு. ஆனாலும் தங்கள் நாட்டில் இயற்கை விதி போலச் சொல்லப்பட்ட நிறப்பாகுபாடு, வேறு கரையில் இல்லாமலும் இருக்கலாம் என்பதை இருபது வயதில் நேரில் கண்டார்கள். எந்த வகுப்பறையும் அதைக் கற்றுத்தந்திருக்காது. பதிலுக்கு ஐரோப்பா கற்றதும் இருக்கிறது. ஆங்கிலமே அறியாத நெதர்லாந்து, ஜெர்மனி ஊர்களில் 1877இலும் 1878இலும் கூடங்கள் நிறைந்தன. கறுப்பின இசை என்றால் கரிபூசிய கேலிக்கூத்து என்று நினைத்திருந்தவர்கள் அதன் மூலத்தைக் கேட்டார்கள்.

முதல் பிரிட்டன் பயணத்தின் வருவாய் ஏறத்தாழ 50,000 டாலர். ஏழாண்டுகளில் மொத்தம் சுமார் 150,000 டாலர். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. 1885இல் மாணவராக அங்கே வந்த டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ், அதன் செங்கற்களை அந்தப் பாடல்களே செய்தவை என்று கண்டு பின்னர் எழுதினார். பாடகர்களின் உடம்பும் அதில் சேரும். கட்டடம் திறப்பதற்கு முன்பே பெஞ்சமின் ஹோம்ஸ் காசநோயில் இறந்துவிட்டார். ஷெப்பர்ட் அடிக்கடி நோயில் விழுந்தார், விழுந்தும் மேடைக்குப் போனார். 1878இல் ஹாம்பர்க்கில் குழு கலைக்கப்பட்டபோது அவர்கள் களைத்துப் போயிருந்தார்கள்.

ஷெப்பர்டின் வேலை என்னவென்று வரிசையாகப் பார்த்தால், பியானோ வாசித்தார், உதவி இயக்குநராகக் குழுவைப் பழக்கினார், பாடல்களைத் திரட்டினார், இசைக்குறிப்பாக எழுத உதவினார், தானும் பாடினார். 1872இல் ‘ஜூபிலி சாங்ஸ்’ தொகுப்பு வெளிவந்தபோது அட்டையில் இருந்த பெயர் தியடோர் சீவர்ட், ஒரு வெள்ளை இசையறிஞர். அவர் பாடகர்களின் வாயிலிருந்து கேட்டு எழுதினார். தமிழ்த்துறையில் நாட்டார் பாடல் தொகுப்புகளோடு புழங்குகிற எனக்கு இதில் வியப்பில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் தொகுத்த நூல்களில் முகப்பில் தொகுத்தவர் பெயர் இருக்கும். பாடிய அம்மாவின் பெயர் பின்னிணைப்பில், வயது, சாதி, ஊர் இவற்றோடு ‘தகவலாளி’ என்ற தலைப்பின் கீழ் கிடக்கும், கிடந்தால். குரல் கொடுத்தவள் ஆசிரியராவதில்லை.

குழு கலைந்தபின் வாழ்க்கைகள் பிரிந்தன. ஐசக் டிக்கர்சன் எடின்பரோவில் படித்து இங்கிலாந்திலேயே போதகரானார். தாமஸ் ரட்லிங்கும் அங்கேயே தங்கினார். கடல்கடந்த கல்வியின் பலனை இவ்விதம் தமக்கென எடுத்துக்கொள்ள ஆண்களுக்கு வழி இருந்தது. பெண்களும் சும்மா இருக்கவில்லை. ஜென்னி ஜாக்சனும் மேகி போர்ட்டரும் பின்னர் சொந்தக் குழுக்கள் நடத்தினார்கள். இரண்டாம் கட்டத்தில் சேர்ந்த ஃபிரெடரிக் லூடின் 1884இல் ஒரு குழுவோடு கிளம்பி ஆறாண்டுகள் ஆஸ்திரேலியா, இந்தியா, ஜப்பான் என்று உலகைச் சுற்றினார். அப்போது அந்தக் குழு ஃபிஸ்க்குக்குக் கட்டுப்பட்டதாக இல்லை. பாடியவர்களின் உழைப்பு பாடியவர்களுக்கே சேர்ந்தது.

ஷெப்பர்ட் நாஷ்வில்லில் வீடு கட்டினார். போருக்குப் பின் தேடிக் கண்டடைந்த தாய் சாராவை அங்கே தன்னோடு வைத்துக்கொண்டார். 1882இல் போதகர் ஜார்ஜ் மூரை மணந்தார். பிறகும் ஃபிஸ்க்கின் இளம் பாடகர்களுக்குக் கற்பித்துவந்தார்.

எட்மண்ட் ஹேவல் 1873இல் இங்கிலாந்தில் தீட்டிய குழுவின் பேரோவியம் இன்னும் ஜூபிலி ஹாலில் இருக்கிறது. பியானோ முன் அமர்ந்திருப்பவர் ஷெப்பர்ட். முதல் குழுவில் கடைசிவரை உயிரோடிருந்த மேகி போர்ட்டர் 1942இல் டெட்ராய்ட்டில் இறந்தார். படிப்பை நடுவில் விட்டுப் பள்ளியைக் காப்பாற்றப் போன அந்த ஒன்பது பேருக்கும் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் கௌரவ இசை முனைவர் பட்டம் வழங்கியது 1978இல்.