‘தி கரஸ்பொன்டன்ட்’: ஒரே வழக்கு, மூன்று கடவுச்சீட்டுகள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயன்களை மண்சரிவு மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது என்ற செய்தி பிறகுதான் நாடெங்கும் பேசப்பட்டது. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஊடகங்கள் வந்தன. சில நாட்களில் திரும்பிப் போய்விட்டன. அகதி முகாமில் யார் இன்னும் இருக்கிறார்கள், வீடு எப்போது கிடைக்கும் என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பகுதிகளின் பிராந்திய நிருபர்கள்தான்.

மீரியபெத்தை சரிந்த அந்த நாளில், கெய்ரோ சிறையொன்றில் பீட்டர் கிரெஸ்டே என்ற அவுஸ்திரேலிய நிருபர் தனது பத்தாவது மாதத்தை முடித்திருந்தார். அவருடைய கதையைத்தான் ‘தி கரஸ்பொன்டன்ட்’ என்ற திரைப்படம் சொல்கிறது. தலைப்பின் பொருள் ‘நிருபர்’ என்பதுதான். பதுளையில் நிருபர் என்றால் யார் என்று தெரிந்தவர்களுக்கு, இந்தப் படம் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கிரிவ் ஸ்டென்டர்ஸ் இயக்கிய இந்த அவுஸ்திரேலியப் படம், 2024 ஒக்டோபரில் அடிலெய்ட் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, 2025 ஏப்ரலில் அந்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. கிரெஸ்டே எழுதிய நினைவுக் குறிப்பு நூலைத் தழுவிப் பீட்டர் டங்கன் திரைக்கதை எழுதினார். கிரெஸ்டேயாக நடித்தவர் ரிச்சர்ட் ரொக்ஸ்பர்க். 2005இல் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் கிரெஸ்டேயுடன் பணிக்குச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்ட பிபிசி தயாரிப்பாளர் கேட் பெய்டனின் நினைவும் சிறைக் கதைக்குள் வந்து வந்து போகிறது.

நடந்தது இதுதான். நைரோபியில் பணியாற்றிக்கொண்டிருந்த கிரெஸ்டே, நத்தார் விடுமுறைக் காலத்தில் அல் ஜசீராவின் கெய்ரோ பணியகத்துக்கு ஆள் தேவைப்பட்டதால் ஓரிரு வாரங்களுக்கென்று போனார். எகிப்தில் மொஹமட் மோர்சியின் அரசை இராணுவம் கவிழ்த்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2013 டிசம்பர் 25ஆம் திகதி முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைப் பயங்கரவாத இயக்கம் என்று அரசு அறிவித்தது. நான்கு நாட்கள் கழித்து கிரெஸ்டேயும், பணியகத் தலைவர் மொஹமட் ஃபாமியும், தயாரிப்பாளர் பாஹர் மொஹமட்டும் கைதானார்கள். பயங்கரவாத இயக்கத்துக்கு உதவினார்கள், பொய்ச் செய்தி பரப்பி நாட்டின் பெயரைக் கெடுத்தார்கள் என்பவை குற்றச்சாட்டுகள்.

நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சான்றுகளைப் பட்டியலிட்டால் நகைச்சுவை போலிருக்கும். கிரெஸ்டேயின் பெற்றோரின் சுற்றுலாப் படங்கள், வேறொரு தொலைக்காட்சி நிறுவனத்தின் குதிரைகள் பற்றிய காட்சி, ஒரு பொப் பாடல், சோமாலியா பற்றிய பழைய விவரணம். எகிப்தின் பெயர் எப்படிக் கெட்டது என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் 2014 ஜூன் 23ஆம் திகதி கிரெஸ்டேக்கும் ஃபாமிக்கும் தலா ஏழு ஆண்டுகள். பாஹருக்குப் பத்து. அவரிடம் வெற்றுத் தோட்டா ஒன்று இருந்ததாம், மேலதிகமாக மூன்று ஆண்டுகள் அதற்காக.

இனித்தான் கடவுச்சீட்டுக் கதை. வெளிநாட்டுக் கைதிகளை நாடு கடத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் ஆணை 2014 நவம்பரில் எகிப்தில் வந்தது. 2015 பெப்ரவரி 1ஆம் திகதி, 400 நாட்களின் பின், அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு வைத்திருந்த கிரெஸ்டே விமானம் ஏறினார். எகிப்து, கனடா இரண்டினதும் குடியுரிமை பெற்றிருந்த ஃபாமி, அதே வழியில் வெளியேறலாம் என்று நம்பி எகிப்தியக் குடியுரிமையையே துறந்தார். அப்படியும் விடவில்லை. பாஹருக்குத் துறப்பதற்குக்கூட இன்னொரு நாடு இல்லை. அவர் சிறையில் இருந்தபோதே அவருடைய மகன் பிறந்தான். அந்த இருவரும் பிணையில் வந்து, மறு விசாரணையில் மீண்டும் தண்டிக்கப்பட்டு, மீண்டும் உள்ளே போய், 2015 செப்டெம்பர் 23ஆம் திகதி ஜனாதிபதி மன்னிப்பில்தான் வெளியே வந்தார்கள்.

படம் கிரெஸ்டேயின் கண்ணிலிருந்து சொல்லப்படுகிறது. அவருடைய நூலிலிருந்து எடுத்த படம் என்பதால் அதைக் குறையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊவாவிலிருந்து பார்க்கும்போது மனம் பாஹரிடம்தான் போய் நிற்கிறது. மொழி தெரிந்தவர், ஊர் தெரிந்தவர், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர், விமானம் ஏறிப் போக இடமில்லாதவர். நம்முடைய பிராந்திய நிருபர்களின் இடமும் அதுவே. அவர்களில் பலருக்கு நியமனக் கடிதமில்லை, மாதச் சம்பளமில்லை, செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். தோட்ட நிர்வாகத்தைப் பற்றி எழுதிவிட்டு மறுநாள் அதே தோட்டப் பாதையில் வர வேண்டியவர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் கோ. நடேசய்யர் புடவை வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை அறிய வேண்டியிருந்தது. இன்று வேடம் தேவையில்லை. ஆனால் ‘யாரைக் கேட்டு உள்ளே வந்தாய்’ என்ற கேள்வி இன்னும் கேட்கிறது.

எகிப்துக் குற்றப்பத்திரிகையை வாசிக்கும் இலங்கைத் தமிழர் எவருக்கும் ஜே.எஸ். திஸ்ஸநாயகத்தின் வழக்கு நினைவுக்கு வராமல் இராது. கொழும்பு ஆங்கில வார இதழொன்றின் பத்தியாளரான அவர், 2008 மார்ச் 7ஆம் திகதி பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவினரால் கைது செய்யப்பட்டார். பல மாதங்கள் கழித்தே குற்றப்பத்திரிகை வந்தது. அவர் ஆசிரியராக இருந்த ‘நோர்த் ஈஸ்டர்ன் மன்த்லி’ இதழில் போர் குறித்து 2006இல் எழுதிய சில வரிகளே குற்றம். 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் 20 ஆண்டுகள் கடூழியச் சிறைத் தண்டனை விதித்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஊடகவியலாளர் அவர். தற்காலிகமென்று 1979இல் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்க அது இடமளிக்கிறது. இந்த வழக்கிலும் அப்படியொரு வாக்குமூலம் முன்வைக்கப்பட்டது. அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று திஸ்ஸநாயகம் மறுத்தார், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அவருக்கும் வெளியிலிருந்துதான் கதவு திறந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டு உலக ஊடக சுதந்திர தினத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவர் பெயரைச் சொன்னார். சர்வதேச விருதுகள் வந்தன. 2010 ஜனவரியில் பிணை, மே 3ஆம் திகதி மன்னிப்பு அறிவிப்பு, பிறகு அமெரிக்கா. ஒபாமாவின் வாயில் வராத பெயர்கள் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிரெஸ்டே வழக்கின் குதிரைப் படங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நம்முடைய மஹியங்கனையையும் நினைத்துக்கொள்ளலாம். 2019 மே மாதம், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்திய பதற்றத்தில், ஹசலக்க பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் பெண்ணொருவர் கைது செய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த ஆடையில் இருந்தது தர்மச்சக்கரமாம். கப்பலின் சுக்கான் சக்கரம் என்று பிறகு விளக்கப்பட்டது. மஹியங்கனை நீதவான் நீதிமன்றம் அவரை விளக்கமறியலில் வைத்தது. அவர் எதையும் எழுதவில்லை, பேசவில்லை. ஓர் உடை போதுமாக இருந்தது.

‘வெளிநாட்டுச் சிறை’ என்ற சொல்லுக்கும் ஊவாவில் வேறு பொருள் உண்டு. பசறை, லுணுகலை, ஹாலி-எல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போகிறவர்களைத்தான் இங்கே முதலில் நினைப்பார்கள். அவர்களுடையதும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுத்தான். போய் இறங்கும் நாட்டில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதே கேள்வி. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பெறப்பட்ட வாக்குமூலத்தின் பேரில் சவூதி அரேபியாவில் மரண தண்டனை பெற்று, 2013 ஜனவரி 9ஆம் திகதி கொல்லப்பட்டார். கிரெஸ்டே கைதாவதற்கு ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலம் முன்பு. அவருக்காகவும் மகஜர்கள் போயின, ஜனாதிபதி கடிதம் எழுதினார். கிரெஸ்டே விவகாரத்தில் கன்பரா தொடர்ந்து கொடுத்த அழுத்தத்தோடு அதை ஒப்பிட முடியுமா?

இந்த வகைப் படங்களில் ‘ரோஸ்வோட்டர்’ (2014) முன்பே பரவலாகப் பார்க்கப்பட்டது. ஈரானிய கனேடிய ஊடகவியலாளர் மஸியார் பஹாரி 2009இல் தெஹ்ரானின் எவின் சிறையில் 118 நாட்கள் இருந்த கதை அது. ஒரு கேலி நிகழ்ச்சியில் உளவாளி வேடம் போட்டவருக்குக் கொடுத்த பேட்டியையே அவருக்கு எதிரான சான்றாக விசாரணையாளர்கள் காட்டினார்கள். அந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜோன் ஸ்டுவர்ட்தான் பிறகு படத்தை இயக்கினார். நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வருவது அசோக ஹந்தகமவின் ‘ராணி’ (2025). 1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாயார், மருத்துவர் மனோராணி சரவணமுத்துவை மையமாகக் கொண்டது அது. ஸ்வர்ணா மல்லவாரச்சி நடித்திருக்கிறார். மகனைப் பற்றிய படமாக எடுக்காமல் பின்னால் நின்றவரைப் பற்றிய படமாக எடுத்தது நல்ல முடிவு. பாஹரின் வீட்டிலிருந்து சொல்லப்படும் ஒரு படமும் அப்படி எப்போதாவது வரலாம்.

கிரெஸ்டே தப்பித்தவர் என்றாலும் கணக்கு முடியவில்லை. 2015 ஓகஸ்ட் 29ஆம் திகதி, அவர் இல்லாமலே நடந்த மறு விசாரணையில் மூன்று ஆண்டுகள் விதிக்கப்பட்டது. மற்ற இருவருக்கும் கிடைத்த மன்னிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. எகிப்தின் ஏட்டில் அவர் இன்னும் பயங்கரவாதக் குற்றவாளி. எகிப்திடம் ஒப்படைக்கக்கூடிய நாடுகளுக்குப் பயணம் செய்ய முடியாது. இப்போது அவுஸ்திரேலியாவில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். 2025 ஜனவரியில், தன்னோடு சிறையில் இருந்து தனக்குத் துணிவு சொன்ன எகிப்திய எழுத்தாளர் அலா அப்த் எல்-ஃபத்தாவின் விடுதலைக்காக லண்டனில் 21 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். அலா அந்த ஆண்டு செப்டெம்பரில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார்.