இரண்டு பேரரசர்களைத் தரும் கல்லறை

'எக்ஸ்யூமா' பார்த்தீங்களா? 2024-ல வந்த கொரியப் படம். அதுல சோய் மின்-சிக் ஒரு கல்லறைப் பக்கத்துல குனிஞ்சு, கொஞ்சம் மண்ணை எடுத்து நாக்குல வச்சு ருசி பார்ப்பார். தியேட்டர்ல என் பக்கத்து சீட்காரர் "இது என்னடா கூத்து" என்றார். அது கூத்து இல்லை, ஒரு தொழில். நாம் வீடு கட்ட வாஸ்து பார்க்கிற மாதிரி, அங்கே பிணத்தைப் புதைக்க இடம் பார்க்கிறார்கள். சீனாவில் ஃபெங் சுய், கொரியாவில் புங்சு. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: காற்று, நீர்.

இதன் லாஜிக் ரொம்ப நேரடியானது. பூமிக்குள் 'கி' என்கிற உயிர்ச்சக்தி ஓடுகிறது. காற்று அடித்தால் அது கலைந்துபோகும், தண்ணீர் குறுக்கே வந்தால் தங்கும். அதனால் பின்னாடி மலை, முன்னாடி ஓடை, இரண்டு பக்கமும் கை நீட்டி அணைக்கிற மாதிரி குன்றுகள் இருக்கிற இடம்தான் நல்ல இடம். அங்கே புதைத்த எலும்பு அந்தச் சக்தியை வாங்கிக்கொள்ளும். அப்பாவின் எலும்பும் மகனின் உடம்பும் ஒரே சக்தியால் ஆனவை என்பதால், அங்கே வாங்கினது இங்கே வந்து சேரும். சுருக்கமாகச் சொன்னால், கல்லறை என்பது இறந்தவருக்கு இல்லைங்க, இருக்கிறவங்களுக்கு.

ஜோசான் காலத்துக் கொரியாவில் இதற்காகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடத்தியிருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு இன்று ஒரே ஒரு கல்லறைக்குப் போவோம். நம்யோன்-குன் என்கிற இளவரசருடையது.

அவர் 1836-ல் இறந்தார். மகன் யி ஹா-உங் அரச வம்சம்தான். ஆனால் அதிகாரம் முழுக்க ராணிகளின் பிறந்தவீட்டுக் குடும்பங்களிடம் இருந்தது. கையில் ஒன்றுமில்லாத, ஆனால் நிறைய ஆசை இருக்கிற இளைஞர். கதைப்படி, இடம் பார்க்கிற ஒருவர் அவருக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறார். ஒன்றில் அப்பாவைப் புதைத்தால் பத்தாயிரம் தலைமுறைக்குச் செல்வம். இன்னொன்றில் புதைத்தால் வம்சத்தில் இரண்டு பேரரசர்கள். ஹா-உங் யோசிக்கவே இல்லை, பேரரசர்கள்தான் வேண்டும் என்றார்.

ஒரே சிக்கல், அந்த இடம் காலியாக இல்லை. இன்றைய யேசான் மாவட்டத்தில், கயா மலையடிவாரத்தில், கயாசா என்கிற புத்த ஆலயமும் அதன் கோபுரமும் நின்றன. 1840-களில் ஆலயம் எரிந்தது, கோபுரம் இடிந்தது, அப்பாவின் எலும்புகள் வடக்கே இருந்த பழைய கல்லறையிலிருந்து ஊர் விட்டு ஊர் சுமந்து கொண்டுவரப்பட்டன. ஹ்வாங் ஹ்யோன் என்கிற அறிஞர் தன் குறிப்புகளில் எழுதுகிறார்: ஹா-உங்கின் அண்ணன்கள் கனவில் வெள்ளை உடுத்திய கிழவர் ஒருவர் வந்து சபித்தாராம். அண்ணன்கள் நடுங்க, இவர் மட்டும் "அப்படின்னா இடம் நிஜமாவே நல்ல இடம்தான்" என்றாராம். எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

1852-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். 1863-ல் அரசர் வாரிசில்லாமல் இறக்க, அந்தப் பையனே அரசர் கோஜோங் ஆனான். அப்பா 'தேவோன்குன்' என்ற பட்டத்தோடு பத்து வருஷம் நாட்டை ஆண்டார். பிறகு, ஆலயத்தை அழித்ததற்குப் பரிகாரமோ என்னவோ, பக்கத்திலேயே பொதொக்சா என்ற இன்னொரு ஆலயம் கட்டிக்கொடுத்தார்.

இப்போதுதான் கதை கடல் தாண்டுகிறது. 1866-ல் தேவோன்குன் ஆட்சி ஒன்பது பிரெஞ்சுப் பாதிரியார்களையும் ஏராளமான கொரியக் கத்தோலிக்கர்களையும் கொன்றது. தப்பியவர்களில் ஒருவர் ஃபெரோன். இவரும், கொரியாவோடு வியாபாரம் பண்ணக் கேட்டு மறுக்கப்பட்ட எர்ன்ஸ்ட் ஒப்பெர்ட் என்கிற ஜெர்மன் வியாபாரியும், ஜென்கின்ஸ் என்கிற அமெரிக்கரும் ஷாங்காயில் கூடித் திட்டம் போடுகிறார்கள். தேவோன்குன் அப்பாவின் எலும்புகளைத் திருடி, பணயமாக வைத்து, கொரியாவின் கதவைத் திறக்க வைப்பது. கவனிச்சீங்களா? புங்சுவை நம்பாத மூன்று பேர், அதை நம்புகிறவரின் மனசை எவ்வளவு துல்லியமாகப் படித்திருக்கிறார்கள்!

1868 மே மாதம் மேற்குக் கரையில் கப்பலை நிறுத்தி, சின்ன நீராவிப் படகில் ஆற்றுவழியாக வந்து இறங்கினார்கள். உள்ளூர் அரசு அலுவலகத்தைத் தாக்கிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லறையைத் தோண்ட ஆரம்பித்தார்கள். மேல் மண் சுலபமாக வந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி 'ணங்' என்று நின்றது. சவப்பெட்டியைச் சுற்றிச் சுண்ணாம்புக் காரை போட்டு இறுக்கியிருந்தார்கள். மணிக்கணக்கில் இடித்தும் அசையவில்லை. விடிய ஆரம்பித்தது, கடலில் நீர் வற்றுகிற நேரமும் நெருங்கியது. வற்றிவிட்டால் படகு சேற்றில் மாட்டிக்கொள்ளும். விட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக நீதிமன்றத்தில் ஜென்கின்ஸ் மீது வழக்கு நடந்தது, விடுதலையானார். ஒப்பெர்ட் தன் கொரியப் பயணங்களைப் பற்றிப் புத்தகமே போட்டார்.

விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். வெளிநாட்டுக்காரன் பெற்றவர் கல்லறையைத் தோண்டுகிறவன் என்று சொன்னால், அதற்கு மேல் எந்த வாதமும் எடுபடாத சமூகம் அது. கத்தோலிக்கர் வேட்டை மறுபடி சூடுபிடித்தது. செத்தவர்களுக்கும் அந்த மண்வெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1871-ல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து மோதிய பிறகு, மேற்கத்தியரோடு சமாதானம் பேசுகிறவன் நாட்டை விற்கிறவன் என்று பொறித்த கற்களை நாடெங்கும் நட்டார் தேவோன்குன். கதவைத் திறக்கப் போனவர்கள் தாழ்ப்பாளைக் கூடுதலாகப் போட வைத்துவிட்டு வந்தார்கள்.

சரி, அந்த ஜோசியம்? 1897-ல் கோஜோங் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். 1907-ல் ஜப்பான் அவரை இறக்கி, மகன் சுன்ஜோங்கை உட்கார வைத்தது. 1910-ல் கொரியாவையே விழுங்கியது. எண்ணிப் பாருங்க, சரியாக இரண்டு பேரரசர்கள். எனக்கு என்ன தோணுதுன்னா, இந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் கதை இவ்வளவு கச்சிதமாகியிருக்கும். பத்தாயிரம் தலைமுறைச் செல்வத்தை வேண்டாம் என்ற பகுதி, ஆட்சி போன மக்கள் சொல்கிற கதை மாதிரி இருக்கிறது. கோபுரக் கனவைக் குறித்துவைத்த ஹ்வாங் ஹ்யோன், ஜப்பான் நாட்டை எடுத்துக்கொண்ட அதே 1910-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கல்லறை இன்றும் அந்தச் சரிவில் இருக்கிறது. எலும்பு சுமந்து வந்த பாடையை, கடைசியாகச் சுமந்த கிராமத்துக்கே கொடுத்துவிட்டாராம் தேவோன்குன். அதை இப்போது தேசியப் பாரம்பரியப் பொருளாகப் பாதுகாக்கிறார்கள்.