அம்மா லூயிஜியான கதை

ஒரு நூலின் சுவடிகளை ஒப்பிடும்போது எந்தச் சொல் போய் எந்தச் சொல் வந்தது என்று பார்ப்போம். பாடபேதம் பல நேரங்களில் படியெடுத்தவரின் மனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ் ஆய்வில் பழகிய இந்தப் பார்வை வீடியோ கேமுக்கும் பொருந்தும். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2' அதற்கு நல்ல உதாரணம்.

1986இல் ஜப்பானில் இதே பெயரில் வந்த ஆட்டம் அமெரிக்கர்களுக்கு மிகக் கடினம் என்று கருதப்பட்டது. நிண்டெண்டோ நிறுவனம் வேறோர் ஆட்டத்துக்கு மரியோ வேடம் கட்டி 1988இல் அங்கே வெளியிட்டது. அந்த மூலம், 1987இல் வந்த 'யுமே கோஜோ: டோக்கி டோக்கி பானிக்'. அதற்கும் முந்தைய மாதிரி வடிவம் ஒன்று இருந்ததை, அதில் பணியாற்றிய கென்சுகே தனாபே பின்னாளில் விவரித்திருக்கிறார்: இருவர் சேர்ந்து பொருட்களைத் தூக்கி, எறிந்து, அடுக்கி, மேலே ஏறிக்கொண்டே போகும் ஆட்டம்.

'டோக்கி டோக்கி பானிக்' ஒரு குடும்பக் கதை. இரட்டைப் பிள்ளைகளைக் கதைப்புத்தகம் ஒன்றுக்குள் அரக்கன் இழுத்துப் போகிறான். மீட்கப் போகிறவர்கள் நால்வர்: இமாஜின் என்ற இளைஞன், அவன் தோழி லினா, அம்மா, அப்பா. நால்வரில் அதிக உயரம் தாவுகிறவள் அம்மா. ஒவ்வொருவரையும் கொண்டு தனித்தனியே ஆடி முடித்தால்தான் உண்மையான முடிவு திரையில் வரும். அம்மா கடைசிவரை போகாமல் கதை முடியாது.

மாற்றியபோது இமாஜின் மரியோ ஆனான். அப்பா டோட் ஆனார். லினா இளவரசி ஆனாள். அம்மா லூயிஜி ஆனாள். தாவல் அப்படியே தங்கியது, தாவியவள் போய்விட்டாள். நால்வரும் முடிக்க வேண்டும் என்ற விதியும் நீக்கப்பட்டது.

லாபமும் உண்டு. 1985 ஆட்டத்தில் கோட்டைக்குள் அடைபட்டுக் காத்திருந்த இளவரசி இங்கே ஓடினாள், காற்றில் மிதந்தாள். அந்த மிதப்பும் லினாவிடமிருந்து வந்ததுதான். யாரும் சதி செய்ததாக நான் நினைக்கவில்லை. விற்கும் முகங்களின் பட்டியலில் அம்மா இல்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வீடுகளுக்கு மரியோ நகல் பெட்டிகளில் வந்து சேர்ந்தான். கேசட்டின் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும்; உள்ளே அதே ஆட்டம் வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். அதுவும் திருத்திய படிதான். எங்கள் வீட்டில் முதல் கன்ட்ரோலர் அண்ணனுக்கு. நான் லூயிஜி. அவனுடைய மரியோ செத்தால்தான் என் முறை வரும். சமையலறையில் இருந்த அம்மாவுக்கு முறையே கிடையாது.

திருத்துகிற கை மாறினால் பாடமும் மாறும். 2013இல் மைக் மிக்கா என்ற கேம் வடிவமைப்பாளரிடம் அவருடைய மூன்று வயது மகள், 'டாங்கி காங்'கில் தான் பாலினாக ஆட முடியாதா என்று கேட்டாள். 1981 முதல் குரங்கின் பிடியில் உதவிக்குக் கத்திக்கொண்டிருந்தவள் பாலின். அவர் அந்த ஆட்டத்தைத் திறந்து உருவங்களை மாற்றினார். பாலின் ஏணி ஏறிப் போய் மரியோவை மீட்டாள்.

என் வகுப்பில் நிரல் எழுதத் தெரிந்த மாணவிகள் இருக்கிறார்கள். லூயிஜியை மறுபடி அம்மாவாக்கும் வேலையை அவர்களில் யாராவது எடுத்துக்கொள்ளட்டும். தாவலைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அது அங்கேயே இருக்கிறது.